சூடில்லாமல் சுடும் கதிர்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம்.

கதிர்வீச்சு ஒரு பொருளில் எவ்வளவு ஆற்றலை விட்டுச் செல்கிறது என்பதைக் 'கிரே' என்னும் அலகால் அளக்கிறார்கள். ஒரு கிலோகிராம் பொருளில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடல் முழுவதிலும் ஒரே சமயத்தில் 4 கிரே அளவுக்கு எக்ஸ் கதிர் பாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் உடல் ஏற்ற மொத்த ஆற்றல் 240 ஜூல். அதாவது ஏறக்குறைய 57 கலோரி. (உணவுக்குச் சொல்லும் பெரிய கலோரி அன்று, பௌதிகப் பாடத்தில் வரும் சிறிய கலோரி.) 60 டிகிரிச் சூட்டில் உள்ள காப்பியை அரைத் தேக்கரண்டி குடித்தால், அது 37 டிகிரிக்கு ஆறுவதற்குள் நம் உடலுக்குத் தரும் வெப்பமும் இவ்வளவுதான். உடலின் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறும். தெர்மாமீட்டரில் தெரியவே தெரியாது.

காப்பி குடித்தவர் இன்னும் கொஞ்சம் கேட்பார். கதிர் பாய்ந்தவரின் கதையோ வேறு. உடல் முழுவதும் 4 கிரே பெற்றவர்களுக்குத் தக்க மருத்துவம் கிடைக்காவிட்டால், ஏறக்குறைய இருவரில் ஒருவர் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுவார்.

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒரு கட்டியை அழிக்க 60 கிரே வரை கொடுக்கிறார்கள். நோயாளி நடந்து வருகிறார். சிகிச்சை முடிந்ததும் நடந்தே வீடு திரும்புகிறார். 4 கிரே கொல்கிறது, 60 கிரே காப்பாற்றுகிறது என்றால் இதில் ஏதோ சூட்சுமம் இருக்கவேண்டும் அல்லவா?

தூறலும் இடியும்

காப்பியின் வெப்பம் உடலிலுள்ள கோடானுகோடி மூலக்கூறுகளுக்கும் சிறிது சிறிதாகப் பங்கிடப்படுகிறது. ஊர் முழுவதும் தூறும் மழையைப் போன்றது அது. எக்ஸ் கதிரும் காமாக் கதிரும் அப்படிப் பங்கிடுவதில்லை. அவை இடியைப் போல ஒரே மரத்தில் இறங்குகின்றன. மூலக்கூறில் அணுக்களைப் பிணைத்து வைத்திருக்கும் பிணைப்பை உடைக்கச் சில எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் போதும். எக்ஸ் கதிரின் ஒரு துகள் பல்லாயிரம் எலக்ட்ரான்-வோல்ட் ஆற்றலைச் சுமந்து வருகிறது. அது மோதிய அணுவிலிருந்து எலக்ட்ரான் பிய்த்தெறியப்படுகிறது. அந்த எலக்ட்ரான் வழியிலுள்ள மற்ற அணுக்களின் எலக்ட்ரான்களையும் உதைத்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது.

நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே பெரும்பாலான அடிகள் தண்ணீர் மூலக்கூறின் மேல்தான் விழுகின்றன. உடைந்த தண்ணீரிலிருந்து, எதனோடாவது சேர்ந்தே தீருவேன் என்று துடிக்கும் துண்டுகள் பிறக்கின்றன. பக்கத்தில் டி.என்.ஏ. இருந்தால் போச்சு! டி.என்.ஏ. இரட்டை வடம் என்பதைப் படித்திருப்பீர்கள். ஒரு வடம் மட்டும் அறுந்தால், மற்றொன்றைப் பார்த்து உயிரணு அதைச் சரிசெய்துகொள்ளும். இரண்டு வடமும் ஒரே இடத்தில் அறுந்தால் பழுதுபார்ப்பது கடினம். அந்த உயிரணு அடுத்த முறை பிரிய முயலும்போது செத்துப்போகலாம். சாகாமல், தவறாகத் தைக்கப்பட்ட டி.என்.ஏ.வோடு பிழைத்துக்கொள்ளவும் கூடும். பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டுவது இந்த இரண்டாவது வகைதான்.

அடிக்கடி பிரிந்து பெருகும் உயிரணுக்களே கதிருக்கு எளிதில் பலியாகின்றன. பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1906 ஆம் ஆண்டிலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. 4 கிரே உடல் முழுவதும் பாய்ந்தால் அந்த உற்பத்தி நின்றுபோகும். இருக்கிற வெள்ளணுக்களும் தட்டணுக்களும் சில வாரங்களில் தீர்ந்துவிடும். அப்புறம் கிருமிகளைத் தடுக்க ஆளில்லை. இரத்தக் கசிவை நிறுத்தவும் வழியில்லை.

கை கொடுத்தவர்கள்

ஜெர்மனியில் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895 நவம்பர் 8. டிசம்பர் 22 அன்று தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார்; எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. எலும்பிலுள்ள கால்சியத்தின் அணு எண் 20. தசையிலுள்ள கார்பன், ஆக்சிஜன் முதலியவற்றின் அணு எண்கள் 8க்கு மேற்படாதவை. கனமான அணு எக்ஸ் கதிரை அதிகம் விழுங்கும். எனவே எலும்பு நிழலாக விழுகிறது. வயிற்றைப் படம் பிடிக்குமுன் பேரியக் கூழைக் குடிக்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான். பேரியத்தின் அணு எண் 56.

சில மாதங்களில் உலகமே எக்ஸ் கதிர்ப் பைத்தியம் பிடித்து அலைந்தது. கதிர் சுடவில்லை, வலிக்கவில்லை. பின் ஏன் பயப்படவேண்டும்? அமெரிக்காவில் எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கத் தம் கையையே திரும்பத் திரும்பக் கதிரில் நீட்டினார். கையில் புண் வந்தது, ஆறவில்லை, புற்றாக மாறியது. இரு கைகளையும் வெட்டி எடுத்தும் பயனில்லாமல் 1904 இல், 40 வயதுகூட நிரம்பாமல், அவர் இறந்தார். எடிசன் எக்ஸ் கதிர் ஆராய்ச்சியை அடியோடு கைவிட்டார். இப்படி உயிரிழந்த டாக்டர்கள், நர்சுகள், தொழில்நுட்பப் பணியாளர்களுக்காக 1936 இல் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு நினைவுக் கல் நாட்டினார்கள். முதலில் பொறித்த பெயர்கள் 169. பின்னால் அது 350ஐத் தாண்டியது.

புண்ணைப் பார்த்துப் பயந்தவர்கள் ஒருபுறம் இருக்க, அதே புண்ணைப் பார்த்து யோசித்தவர்களும் உண்டு. 1901 இல் பெக்கரல் தம் சட்டைப் பையில் ரேடியம் அடைத்த குழாயை வைத்துக்கொண்டு திரிந்தார். பல நாட்களுக்குப் பின் அந்த இடத்தில் தோல் வெந்தது. பியரி கியூரி இதைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்று ரேடியத்தைத் தம் கையில் பத்து மணி நேரம் வேண்டுமென்றே கட்டிவைத்துக்கொண்டார். நல்ல தோலை அழிக்கும் பொருள் கெட்ட கட்டியையும் அழிக்குமே என்ற எண்ணம் டாக்டர்களுக்கு அப்போது பிறந்தது. கட்டியின் உயிரணுக்கள் ஓயாமல் பிரிபவை. பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரத்தனம் குறைந்தவை.

ஆனால் எவ்வளவு கொடுப்பது? ஒரே தடவையில் கட்டி சாகும் அளவுக்குக் கொடுத்தால் மேலே உள்ள தோலும் வெந்துபோயிற்று. இந்த முடிச்சை அவிழ்த்தவை ஆட்டுக்கடாக்கள். 1920-களில் பாரிஸ் ரேடியம் நிலையத்தில் குளோட் ரெகோ என்பவர் கடாக்களின் விரையில் கதிர் பாய்ச்சிப் பார்த்தார். விந்தணுக்களை உண்டாக்கும் உயிரணுக்கள் கட்டியைப் போலவே விரைவாகப் பெருகுபவை. ஒரே மூச்சில் கொடுத்து அவற்றை அடக்க முயன்றால் தோல் புண்ணாகிவிட்டது. அதையே பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது விந்தணு உற்பத்தி நின்றது, தோல் தப்பித்தது. அவருடைய சகா குட்டார் அதே முறையைத் தொண்டைப் புற்றுநோய்க்குக் கையாண்டு வெற்றி கண்டார். இன்றும் பல புற்றுநோய்களுக்கு நாளைக்கு 2 கிரே, வாரத்துக்கு 5 நாள், 6 வாரம் என்று பிரித்தே கொடுக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், 60 வரும். இன்று அடிபட்ட நல்ல உயிரணு, இரவெல்லாம் தன் டி.என்.ஏ.வைத் தைத்துக்கொண்டு நாளைய அடிக்குத் தயாராகிறது. கட்டியால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடிவதில்லை.

இன்னும் இரண்டு உபாயங்கள் உண்டு. முதலாவது, கதிர் விழுவது உடல் முழுவதிலும் அன்று. கட்டியும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே. எலும்பு மஜ்ஜையின் பெரும்பகுதி தப்பிவிடும். இரண்டாவது, ஒரே திசையிலிருந்து பாய்ச்சாமல் கருவியைச் சுழற்றிப் பல திசைகளிலிருந்து பாய்ச்சுவார்கள். இருட்டில் நாலு பேர் நாலு மூலையிலிருந்து டார்ச் விளக்கை ஒரே இடத்தில் அடித்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியுமே, அதுபோல.

தொடக்க காலத்தில் ரேடியம் கிடைப்பது அரிது. 1921 இல் அமெரிக்கப் பெண்கள் மேரி கியூரிக்கு ஒரே ஒரு கிராம் ரேடியம் பரிசளிக்க ஒரு லட்சம் டாலர் திரட்டவேண்டியிருந்தது. சாதாரணக் கோபால்ட் உலோகத்தை அணு உலைக்குள் வைத்தால் அது நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 ஆகிறது. அதன் அரை ஆயுள் 5.27 ஆண்டு. 1951 இல் கனடாவில் இரு நகரங்களில் கோபால்ட் கருவிகள் இயங்கத் தொடங்கின. சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே கோபால்ட் கருவி வந்துவிட்டது. இன்று பெரிய மருத்துவமனைகளில் எலக்ட்ரான்களை முடுக்கி எக்ஸ் கதிர் உண்டாக்கும் கருவிகளே மிகுதி. கோபால்ட் கருவியும் வழக்கொழியவில்லை. நம் பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்ததற்குப் 'பாபாட்ரான்' என்று பெயர்.

கதிர் சிகிச்சை பெற்றவரைத் தொட்டால் நமக்கும் கதிர் ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் ஒதுங்குவதைக் காண வருத்தமாக இருக்கிறது. விளக்கை அணைத்த பிறகு வெளிச்சம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா? வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பட்டவர் வீட்டில் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். தைராய்டு நோய்க்காக அயோடின்-131 விழுங்கியவர் மட்டும் சில நாட்கள் தள்ளி இருக்கவேண்டும். அவர் உடலுக்குள்ளேயே கதிர் வீசும் பொருள் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 8 நாள்.

படம் எடுக்கலாமா?

சிகிச்சையில் அளவை மிகவும் நுணுக்கமாகக் கணக்கிடுகிறார்கள். படம் எடுக்கும்போது பெறும் அளவோ மிக மிகச் சிறிது. இங்கே 'மில்லி சீவர்ட்' என்ற அலகு பயன்படுகிறது. உடல் முழுவதும் எக்ஸ் கதிர் பாய்ந்தால் ஒரு கிரே என்பது ஆயிரம் மில்லி சீவர்ட்டுக்குச் சமம். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்ணிலிருந்தும் உலகத்தவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லி சீவர்ட் பெறுகிறோம். மோனசைட் மணல் நிறைந்த மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இதைவிட அதிகம். மார்பு எக்ஸ் கதிர்ப் படம் ஒன்றுக்கு 0.1 மில்லி சீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. இரண்டு வாரம் சும்மா இருந்தாலே இயற்கை நமக்குத் தந்துவிடும் அளவு.

சி.டி. ஸ்கேன் என்றால் நிலைமை மாறுகிறது. உடலைச் சுற்றிப் பல கோணங்களில் எக்ஸ் கதிர் பாய்ச்சி, கணிப்பொறியால் குறுக்குவெட்டுப் படம் அமைக்கும் இந்த முறையை இங்கிலாந்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கினார். 1971 இல் முதல் நோயாளியின் மூளை படமாயிற்று. 1979 இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தலையில் அடிபட்டவரின் மண்டைக்குள் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று சில நிமிடங்களில் சொல்லிவிடும் கருவி அது. ஆனால் வயிற்று சி.டி. ஒன்றுக்கு 10 மில்லி சீவர்ட் வரை ஆகலாம். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து போட்ட கணிப்பின்படி, 10 மில்லி சீவர்ட் பெறும் 2000 பேரில் ஒருவர் அதன் காரணமாகப் பிற்காலத்தில் புற்றுநோயால் இறக்கக்கூடும். அந்த 2000 பேரில் வேறு காரணங்களால் வரும் புற்றுநோய்க்கு நூற்றுக்கு மேற்பட்டோர் எப்படியும் பலியாவார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. தேவையான ஸ்கேனுக்கு அஞ்சுவது மடமை. 'எதற்கும் ஒன்று எடுத்து வைப்போமே' என்று தாமாகவே போய்ப் படுத்துக்கொள்வதும் அதற்குக் குறைந்த மடமை அன்று.

குழந்தைகளுக்கும் கருவிலிருக்கும் சிசுவுக்கும் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் உடலெல்லாம் பிரிந்து வளரும் உயிரணுக்கள். 1956 இல் ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டுவர்ட் என்ற டாக்டர், புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் தாய்மார்களைத் தேடிச்சென்று விசாரிக்க ஏற்பாடு செய்தார். கர்ப்ப காலத்தில் வயிற்றில் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கொண்டவர்கள், மற்றத் தாய்மார்களிடையே இருந்ததைப்போல இரு மடங்கு இருந்தார்கள். மருத்துவ உலகம் அவரை உடனே நம்பிவிடவில்லை. ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. இன்று கர்ப்பிணிகளுக்கு ஒலி அலையால் இயங்கும் அல்ட்ராசவுண்டு இருக்கிறது. அதிலும் காந்தப்புலத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ.யிலும் எலக்ட்ரானைப் பிய்க்கும் கதிர் கிடையாது.

நீல ஒளி

பெரிய ஆபத்துகள் கதிரால் வந்ததைவிடக் கவனக்குறைவால் வந்தவையே அதிகம். பிரேசிலில் கோயானியா என்ற நகரில் ஒரு கதிர் சிகிச்சை நிலையம் இடம் மாறியபோது, சீசியம்-137 அடங்கிய பழைய கருவியைப் பாழடைந்த கட்டடத்திலேயே விட்டுவிட்டது. 1987 செப்டம்பரில் இருவர் அதைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்புக் கடையில் விற்றார்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே இருட்டில் நீலமாக ஒளிரும் பொடி! உற்றார் உறவினருக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி அதை வைத்து விளையாடிவிட்டு அதே கையால் சாப்பிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் வாந்தி வருவதைக் கண்டு, இந்தப் பொடிதான் காரணம் என்று ஊகித்தவர் கடைக்காரரின் மனைவி. அவர் அதை ஒரு பையில் போட்டுப் பஸ்ஸில் ஏறிச் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் அந்தச் சிறுமியும் உட்பட நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வரிசையில் நிற்கவைத்துச் சோதிக்கவேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2010 இல் டெல்லி மாயாபுரியில், ஏலத்தில் போன பழைய ஆய்வுக் கருவியிலிருந்த கோபால்ட்-60 பழைய இரும்புச் சந்தைக்கு வந்து ஒரு தொழிலாளியின் உயிரைப் பறித்தது.

எக்ஸ் கதிர் அறைக்குப் போயிருப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். நம்மை நிற்கவைத்துவிட்டு, படம் எடுப்பவர் மட்டும் ஏன் சுவருக்குப் பின்னால் ஓடிவிடுகிறார்? நமக்கு ஆண்டில் ஒருமுறை. அவருக்கு ஒரே நாளில் ஐம்பது முறை. அவருக்கு அந்தக் கதிரால் தெரியவேண்டிய எலும்பும் இல்லை! தொழிலாளர் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடாது என்பது விதி. அடுத்தமுறை போகும்போது அவர் மார்பில் குத்தியிருக்கும் சிறிய வில்லையைப் பாருங்கள். அதற்குள் டிஸ்புரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட் தட்டுகள் இருக்கின்றன. கதிர் படும்போது அவை ஆற்றலைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சூடேற்றுவார்கள். சேமித்த ஆற்றல் மங்கிய ஒளியாக வெளிவரும். அந்த ஒளியை அளந்து, அவர் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறார் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள்.