பாதியில் நின்ற ‘லைட்’ விண்டோஸ்... பழைய லேப்டாப்பை மீட்பது எப்படி?

பரணில் தூங்கும் அரசு லேப்டாப்புக்கு மறுவாழ்வு கொடுக்கும் முன் கடற்கரை வாசிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

பென் டிரைவைச் செருகியாயிற்று. வீடியோவில் சொன்னபடி ஒவ்வொரு பட்டனையும் அழுத்தியாயிற்று. திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றுகின்றன. 67 சதவிகிதம் வரை ஓடியது அங்கேயே நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டி, ‘நிறுவ முடியவில்லை’ என்று கைவிரிக்கிறது. மறுபடி ஆன் செய்தால் பழைய விண்டோஸும் இல்லை, புதியதும் இல்லை. கறுப்புத் திரை மட்டும்தான்.

வீட்டில் இருப்பது அந்த ஒரு லேப்டாப்தான் என்றால், அதற்குள்ளேதான் அக்காவின் கல்யாண போட்டோவும், தம்பியின் மார்க் ஷீட் ஸ்கேனும், டி.என்.பி.எஸ்.சி தேர்வுக்குச் சேர்த்து வைத்த பி.டி.எஃப்-களும் இருக்கின்றன என்றால், அந்தக் கறுப்புத் திரை வயிற்றைக் கலக்கிவிடும். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் சுமார் 55 கிலோமீட்டர். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் முன், வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

ஏன் இந்த ‘லைட்’ மோகம்?

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15-ம் தேதி. அடுத்த சில ஆண்டுகளில் எல்காட் நிறுவனம் மூலம் 50 லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள் மாணவர்களின் கைக்குப் போயின. ஆரம்பத்தில் வந்தவற்றில் ரேம் 2 ஜிபிதான். விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ என்ற இந்திய இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ல் நிறுத்தியது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி ரேம், பாதுகாப்பு சிப், ஓரளவு புதிய பிராசஸர் எல்லாம் வேண்டும். பழைய லேப்டாப்புக்கு இது எட்டாக் கனி.

இந்த இடைவெளியில்தான் ‘டைனி10’, ‘டைனி11’ போன்ற மெலிந்த பதிப்புகள் பிரபலமாயின. அசல் விண்டோஸிலிருந்து பிரவுசர், விளையாட்டுகள், விளம்பர ஆப்கள் என்று தேவையில்லாதவற்றைக் கழற்றிவிட்டு, தனியாட்கள் தொகுத்துக் கொடுப்பவை இவை. இடம் குறைவு, வேகம் அதிகம். ஆனால், எதைக் கழற்றினார்கள் என்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

முதல் வேலை... கையைக் கட்டிக்கொள்ளுங்கள்!

நிறுவல் தோற்றவுடன் பலரும் செய்யும் தவறு, மறுபடி மறுபடி முயல்வது. ஒவ்வொரு முயற்சியிலும் ஹார்டு டிஸ்க்கில் புதிதாக ஏதோ ஒன்று எழுதப்படுகிறது. அழிந்ததாகத் தோன்றும் கோப்புகள் டிஸ்க்கின் ஒரு மூலையில் பத்திரமாக இருக்கலாம். அதன் மேல் புதிய தகவல் எழுதப்பட்டுவிட்டால் மீட்பது மிகக் கடினம்.

நண்பரின் கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச லினக்ஸ் ஒன்றைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். அதை நிறுவாமல், பென் டிரைவிலிருந்தே இயக்க முடியும். இதற்கு ‘லைவ்’ முறை என்று பெயர். திரை உயிர் பெற்றதும் ஹார்டு டிஸ்க்கைத் திறந்து, போட்டோ, சான்றிதழ்களை வேறொரு டிரைவுக்கு நகலெடுத்துவிட்டால் பாதி கவலை தீர்ந்தது. பழைய கோப்புகள் எதுவுமே கண்ணில் படவில்லை என்றால், லேப்டாப்பை அணைத்துவிட்டு, டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

எந்தக் கட்டத்தில் நின்றது?

காய்ச்சல் என்றால் டாக்டர் ‘எப்போதிலிருந்து’ என்று கேட்பதுபோல, இங்கே முதல் கேள்வி ‘எந்தக் கட்டத்தில்’ என்பதுதான்.

*பென் டிரைவே தெரியவில்லை:* டவுன்லோடு செய்த ஐ.எஸ்.ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் காப்பி செய்தால் அது வேலை செய்யாது. ‘ரூஃபஸ்’ போன்ற மென்பொருள் மூலம் ‘பூட்’ ஆகும் டிரைவாக மாற்ற வேண்டும். ஆன் செய்தவுடன் எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் என்று கம்பெனிக்கு ஏற்ற பட்டனை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

*லோகோவோடு நின்றுவிட்டது:* பிராசஸருக்கு வயதாகியிருக்கலாம். விண்டோஸ் 11-ன் 24ஹெச்2 பதிப்பிலிருந்து, ‘எஸ்.எஸ்.இ 4.2’ என்ற கட்டளைத் தொகுப்பு பிராசஸரில் இருந்தே ஆக வேண்டும். 2010-ஐ ஒட்டி வந்த சில பென்டியம், ஏ.எம்.டி பிராசஸர்களில் அது கிடையாது. எத்தனை முறை முயன்றாலும், எவ்வளவு மெலிந்த பதிப்பாக இருந்தாலும் அங்கே அது ஓடாது. வேறு இயங்குதளம்தான் வழி.

*டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் மறுக்கிறது:* ‘இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, இது ஜி.பி.டி வகை’ என்றோ, ‘எம்.பி.ஆர் வகை’ என்றோ செய்தி வரும். இதைப் புரிந்துகொள்ள பாம்பன் பாலமே போதும். 2007 வரை அந்தப் பாலத்தில் இருந்தது மீட்டர் கேஜ் பாதை. அகலப்பாதையாக மாற்றிய பிறகுதான் பிராட் கேஜ் ரயில் ஓடியது. இங்கேயும் அதே கதை. பழைய ‘பயாஸ்’ முறைக்கு எம்.பி.ஆர், புதிய ‘யூ.இ.எஃப்.ஐ’ முறைக்கு ஜி.பி.டி என்று தண்டவாளமும் ரயிலும் பொருந்த வேண்டும். ரூஃபஸில் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே சரியான வகையைத் தேர்ந்தெடுத்தால் இது தீரும். டிஸ்க்கின் வகையை மாற்ற வேண்டுமென்றால், நிறுவும் திரையில் அதிலுள்ள பார்ட்டிஷன்களை எல்லாம் அழிக்க வேண்டியிருக்கும். அப்போது டேட்டா போய்விடும். நகலெடுக்கச் சொன்னது இதற்காகத்தான்.

*பாதி சதவிகிதத்தில் நின்றது:* ‘80070570’ என்று முடியும் எண் வந்தால், கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை என்று அர்த்தம். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில் இறக்கிய டவுன்லோடு அரைகுறையாக இருக்கலாம். அதிகாரபூர்வ வெளியீடுகளோடு ‘எஸ்.ஹெச்.ஏ-256’ என்ற நீண்ட சரிபார்ப்பு எண்ணையும் தருவார்கள். டவுன்லோடு ஆன கோப்பின் எண்ணும் அதுவும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அடுத்த சந்தேகம் பென் டிரைவ். அதையும் மாற்றிப் பார்த்தாயிற்று என்றால் ரேம், ஹார்டு டிஸ்க்.

*ரீஸ்டார்ட் ஆகி மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது:* இது பழுதே அல்ல. முதல் ரீஸ்டார்ட்டின்போது பென் டிரைவைக் கழற்றவில்லை, அதனால் லேப்டாப் மறுபடி அதிலிருந்தே பூட் ஆகிறது. கழற்றிவிட்டு ஆன் செய்தால் போதும்.

*எல்லாம் முடிந்தது, வைஃபை மட்டும் இல்லை:* டிரைவர் மென்பொருள் இல்லாததால் வரும் பிரச்னை. செல்போனை யூ.எஸ்.பி கேபிளில் இணைத்து, ‘யூ.எஸ்.பி டெதரிங்’கை ஆன் செய்தால் போனின் இன்டர்நெட் பெரும்பாலும் லேப்டாப்புக்கு வந்துவிடும். அதை வைத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

உப்புக்காற்று செய்யும் வேலை

மேலே சொன்னவை உலகம் முழுக்கப் பொதுவானவை. கடலோரத்துக்கு என்று தனிப் பிரச்னை ஒன்று உண்டு. உலகில் உலோகம் வேகமாகத் துருப்பிடிக்கும் இடங்களில் ஒன்றாகப் பாம்பன் பகுதியைப் பொறியாளர்கள் சொல்வார்கள். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயில்களே நிறுத்தப்பட்டன. இரும்புப் பாலத்தையே தின்னும் காற்று, நகத்தின் அகலம்கூட இல்லாத லேப்டாப் இணைப்புகளை மட்டும் விட்டுவைக்குமா?

காற்றிலுள்ள உப்புத் துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ரேம் பொருந்தும் இடத்தில் மெல்லிய படலம் சேர்ந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போது தெரியாத இந்தக் குறை, நிறுவலின்போது ஆயிரக்கணக்கான கோப்புகளை விரித்து எழுதும் நேரத்தில் வெளிப்படும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு சதவிகிதத்தில் நின்றால், மென்பொருளைவிட ரேம் மீதுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ரேமை வெளியே எடுத்து, தங்க நிறப் பற்களைச் சுத்தமான அழிரப்பரால் லேசாகத் துடைத்து மறுபடி பொருத்துவது கடைக்காரர்களின் பழைய கைவைத்தியம். பிறகு ‘மெம்டெஸ்ட்’ என்ற இலவசச் சோதனையை ஓடவிட்டால் ரேமின் நிலை தெரிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கின் உடல்நிலையை லினக்ஸ் லைவ் முறையிலேயே பார்க்கலாம். அது ‘ஆபத்து’ என்று காட்டினால் அதில் எதையும் நிறுவக் கூடாது.

இன்னொரு சின்ன வில்லன், மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி. ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போகிறதா? அந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. அது தீர்ந்தால் பயாஸில் நாம் மாற்றிய அமைப்புகளும் பழையபடி ஆகிவிடலாம். நேற்று வேலை செய்த விண்டோஸ் இன்று நீலத்திரை காட்டுவதற்கு இதுவும் காரணமாகலாம். தேதி தவறாக இருந்தால் வங்கி, அரசு இணையதளங்களும் ‘பாதுகாப்பற்றது’ என்று திறக்க மறுக்கும்.

லேப்டாப்பின் சொந்த பேட்டரி செத்துப்போயிருந்தால், கரன்ட் நிலையாக இருக்கும் நேரம் பார்த்தே வேலையைத் தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரன்ட்டை நம்பி இறங்கினால், ஒரு நொடி மின்வெட்டு மொத்த நிறுவலையும் கெடுத்துவிடும்.

நிறுவல் வெற்றி... ஆபத்து முடிந்ததா?

இல்லை. முகம் தெரியாதவர் தொகுத்த விண்டோஸில் அவர் என்ன சேர்த்தார் என்பது நமக்குத் தெரியாது. 2023 ஜூனில் ‘டாக்டர் வெப்’ என்ற ரஷ்யப் பாதுகாப்பு நிறுவனம், இணையத்தில் சுற்றிய சில திருட்டு விண்டோஸ் 10 தொகுப்புகளில் கிரிப்டோ பணத்தைத் திருடும் வைரஸ் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தது. ஆன்டிவைரஸ் வழக்கமாகத் தேடாத பூட் பகுதியை அது பயன்படுத்திக்கொண்டிருந்தது.

சேர்த்தது மட்டுமல்ல, கழற்றியதும் சிக்கல்தான். ‘டைனி11 கோர்’ என்ற மிக மெலிந்த பதிப்பில் அப்டேட் வராது, புதிய மொழித் தொகுப்பையும் சேர்க்க முடியாது. அதாவது, திரையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும் என்று பிறகு ஆசைப்பட்டாலும் வழியில்லை. சில தொகுப்புகளில் வைரஸ் தடுப்பையே கழற்றிவிடுகிறார்கள். அதில் நெட் பேங்கிங் செய்வது, கதவில்லாத வீட்டில் நகையை வைப்பதுபோலத்தான். மாற்றிய விண்டோஸை இப்படி விநியோகிக்க மைக்ரோசாஃப்ட்டின் உரிம விதிகளிலும் இடமில்லை.

கலாம் சொன்ன வழி

ராமேஸ்வரத்தில் பிறந்து, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம், குடியரசுத் தலைவராக இருந்தபோது 2003 மே மாதம் புனேயில் பேசினார். கோடிக்கணக்கான மக்கள் குறைந்த செலவில் பயன்படுத்த ஏற்றது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள்தான், இந்தியா அதை வளர்க்க வேண்டும் என்று அப்போது வலியுறுத்தினார். விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014-ல் நின்றபோது, தமிழக அரசும் தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது.

லேப்டாப்பின் தேவை ஆன்லைன் விண்ணப்பம், வீடியோ பாடம், கடிதம், கணக்கு என்ற அளவில் இருந்தால், லினக்ஸே போதும். 4 ஜிபி ரேம் இருந்தால் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ அல்லது லுபுன்ட்டு, 2 ஜிபி என்றால் ஆன்டிஎக்ஸ். இவை அதிகாரபூர்வமாகவே மெலிந்தவை, இலவசமானவை, பாதுகாப்பு அப்டேட்டும் வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். டேலி, போட்டோஷாப் போன்ற விண்டோஸ் மென்பொருள்தான் பிழைப்பு என்பவர்களுக்கு மட்டும் இது முழுமையாகப் பொருந்தாது.

எதை நிறுவினாலும், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி ஒன்றைப் பொருத்தினால் வேகத்தில் தெரியும் வித்தியாசம், எந்த ‘லைட்’ பதிப்பும் தராதது. கழற்றிய ஹார்டு டிஸ்க்கைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். கல்யாண போட்டோக்கள் அதில்தான் இருக்கின்றன. ஈரம் படாத டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு எடுத்து வையுங்கள்.