தேதி கேட்ட கணினி, தேதி பார்க்கும் இணையம்

1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கு இன்று என்ன தேதி என்று தெரியாது. ஒவ்வொரு முறை போட்டதும் டாஸ் முதலில் தேதியைக் கேட்கும், அடுத்து நேரத்தைக் கேட்கும். பொறுமை உள்ளவர்கள் தட்டச்சு செய்தார்கள். மற்றவர்கள் இரண்டு முறை என்டரைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் சேமித்த கோப்புகள் எல்லாமே 1980 ஜனவரி 1 என்று சொல்லின. டாஸின் நாள்காட்டி தொடங்குவது அன்றைக்குத்தான். அதனால் வேலை எதுவும் நின்றுவிடவில்லை. கணக்கும் சரியாக வந்தது, கடிதமும் அச்சானது.

1984இல் வந்த பிசி ஏடிதான் மாற்றத்தின் தொடக்கம். அதில் மோட்டோரோலாவின் கடிகாரச் சில்லும், அணைத்த பிறகும் அதை ஓடவைக்க ஒரு பேட்டரியும் இருந்தன. அதன் குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று மிஞ்சும். அந்த ஒன்றுதான் ஒரு விநாடி. குவார்ட்ஸ் கைக்கடிகாரத்திலும் பெரும்பாலும் இதே படிகம்தான்.

386, 486 காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். அது கசிந்து பக்கத்துச் செம்புத் தடங்களை அரித்தது. பிறகு வந்த காசு வடிவ சிஆர்2032 எவ்வளவோ மேல்: 3 வோல்ட், 20 மில்லிமீட்டர் அகலம், நகத்தால் நெம்பினாலே வந்துவிடும். ‘சிமாஸ் பேட்டரி’ என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் மட்டுமல்ல, சின்ன ஊர்க் கடைகளிலும் கிடைக்கும்.

நம் வீடுகளில் இது சீக்கிரம் தீர்வதற்கு ஒரு காரணம் உண்டு. சுவர் சுவிட்சைப் போட்டே வைத்திருந்தால், கணினி அணைந்திருக்கும்போதும் பவர் சப்ளையிலிருந்து சிறிதளவு மின்சாரம் வந்துகொண்டிருக்கும். கடிகாரம் அதில் ஓடும். நாமோ பாதுகாப்புக்காக சுவரிலேயே அணைக்கிறோம். மின்வெட்டு நாட்களிலும் இதே கதைதான். அப்போதெல்லாம் முழுப் பாரமும் அந்த வில்லையின் மேல் விழுகிறது.

அன்று பேட்டரி தீர்ந்தால் திரையில் ஒரு எச்சரிக்கை வரும், எஃப்1 விசையை அழுத்தினால் போகும். தேதி தப்பாக இருந்தாலும் வேலை நடந்தது. இன்று நடக்காது. வங்கி, மின்னஞ்சல், அரசுத் தளம் எதுவானாலும் அதன் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2009 என்று நம்பிக்கொண்டிருந்தால், நேற்று வாங்கிய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை. பிரவுசர் கதவைச் சாத்திவிடும். பயன்படுத்துபவரோ இணையம் போய்விட்டது என்று நினைத்து இணைப்பு கொடுத்தவருக்குப் போன் செய்வார். திரையின் மூலையில் இருக்கும் தேதியைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை.

இணையமே நேரத்தைத் திருத்தாதா என்று கேட்கலாம். திருத்தும். அதற்கான என்டிபி முறையை டேவிட் மில்ஸ் 1985இலேயே வகுத்துவிட்டார்; விண்டோஸ் எக்ஸ்பி அதை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் தனியாக இயங்கும் விண்டோஸ் கணினியில், வித்தியாசம் 15 மணி நேரத்தைத் தாண்டினால் அந்தச் சேவை வழக்கமாகக் கைவைக்காது. அவ்வளவு பெரிய பிழையை நம்பி ஏற்பது ஆபத்து என்பதால் இந்த வரம்பு. முதலில் நாமே தேதியைச் சரிசெய்ய வேண்டும். விநாடிகளை அது பார்த்துக்கொள்ளும்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. நேரத்தைத் திருத்துவதற்கு முன், எவ்வளவு தவறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தால் பேட்டரி. மாதத்துக்குச் சில விநாடிகள் என்றால் படிகத்தின் இயல்பு. சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் அதே கணினியில் லினக்ஸும் இருக்கிறதா என்று கேளுங்கள்: லினக்ஸ் வழக்கமாகச் சில்லில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிக்கும். பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும் இது தீராது.

அரை மணி நேரப் பிழைக்கு இலங்கைத் தமிழர்கள் சாட்சி. 2006 ஏப்ரலில் நாடு ஆறு மணி வலயத்திலிருந்து ஐந்தரை மணி வலயத்துக்குத் திரும்பியது. விண்டோஸ் பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுரத்துக்கு நேராக இருந்ததோ பழைய ஆறு மணி. கையால் அரை மணி பின்னுக்கு வைத்தால், அடுத்த தடவை இணையத்தோடு ஒத்துப்பார்க்கும்போது கடிகாரம் மறுபடி முன்னே ஓடிவிடும். சென்னை இருக்கும் வலயத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிட்டது.

இன்றைய மடிக்கணினிகள் சிலவற்றில் அந்த வில்லை பிளாஸ்டிக் உறைக்குள், இரண்டு வயர்களோடு அடிமூடிக்குள் இருக்கிறது. சிலவற்றில் தனி வில்லையே இல்லை. கடிகாரம் பெரிய பேட்டரியிலேயே ஓடுகிறது. கடையில் கொடுக்கும்போது, “டைம் தப்பா காட்டுது” என்பதோடு நிறுத்தாமல், எந்தத் தேதியைக் காட்டுகிறது, எவ்வளவு நேரம் அணைத்துவைத்த பிறகு மாறுகிறது என்பதையும் சொல்லுங்கள். மூடியைக் கழற்ற வேண்டுமா, வேண்டாமா என்று அதை வைத்தே கடைக்காரர் சொல்லிவிடலாம்.