கனம் கிருஷ்ணையருக்கு ஓர் இசைத்தொகுப்பு வேண்டும்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் பெயர் தெரிந்த ஸ்காட்லாந்து ஊர் கிரேஞ்ச்மவுத். 1979-ல் அங்கே உருவான கோக்டோ ட்வின்ஸ் குழுதான், ‘ட்ரீம் பாப்’ என்று பின்னாளில் அறியப்பட்ட இசைக்கு வழி வகுத்தது. ராபின் கத்ரியின் கிதார் எதிரொலிகளாகப் பெருகிப் பரவ, எலிசபெத் ஃபிரேசரின் குரல் அதில் மிதந்து வரும். பல பாடல்களில் அவர் என்ன சொல்கிறார் என்று ஆங்கிலேயருக்கே பிடிபடுவதில்லை. பொருளைவிட ஓசைக்காகவே சொற்களைத் தேர்ந்தவர் அவர். வாழ்க்கைத் துணைகளாக இருந்த இருவரும் பிரிந்த பிறகும், குழுவின் மற்றோர் உறுப்பினரான சைமன் ரேமண்டுடன் சேர்ந்து 1996-ல் ‘மில்க் அண்ட் கிஸ்ஸஸ்’ என்ற எட்டாவது ஸ்டுடியோ ஆல்பத்தைத் தந்தார்கள். அடுத்ததற்கான வேலை நடக்கும்போதே, 1997-ல் குழு கலைந்தது. 2005-ல் மீண்டும் மேடையேறுவதாக வந்த அறிவிப்பும் கைவிடப்பட்டது. ஆகவே அந்த எட்டாவது ஆல்பமே கடைசி ஆல்பமாகவும் நின்றுவிட்டது. இவர்களின் பாடல் வரிகளை மட்டும் அச்சிட்டுக் கொடுத்திருந்தால் அடுத்த தலைமுறைக்கு எதுவுமே போய்ச் சேர்ந்திருக்காது. ஒலிப்பதிவு இருப்பதால்தான் அந்தக் குழு இன்றும் கேட்கப்படுகிறது.

இதற்கு நேர்மாறான நிலை அரியலூர் மண்ணில் உண்டு. உடையார்பாளையத்தை அடுத்த திருக்குன்றத்தில் பிறந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புகழோடு வாழ்ந்தவர் கனம் கிருஷ்ணையர். பொப்பிலி கேசவையா என்ற பாடகரின் பாட்டைக் கேட்டு, கன மார்க்கம் என்ற கடினமான பாடுமுறையைப் பயின்று தேர்ந்தார். பெயருக்கு முன் ‘கனம்’ சேர்ந்தது அதனால்தான். உந்தியிலிருந்து எழும் பெருங்குரல், அதைத் தாங்கும் மூச்சு, அதற்கென்றே ஓர் உடற்பயிற்சி என அந்த முறை ஆளையே உருக்கிவிடும் என்பார்கள். தஞ்சை அரசவையிலும் உடையார்பாளையம் ஜமீனிலும் பாடிய அவர், தமிழில் பதங்கள் என்ற அருமையான இசைப்பாடல்களை இயற்றினார். அவற்றில் பல ஏட்டிலும் அச்சிலும் தங்கின. அவரை ‘கனம்’ ஆக்கிய குரல் மட்டும் தங்கவில்லை. எடிசன் ஒலியைப் பதியும் கருவியைச் செய்தது 1877-ல். அதற்குள் கிருஷ்ணையர் மறைந்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

அவரைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிவது உ.வே.சாமிநாதையரால். அவருடைய தந்தை வேங்கடசுப்பையர் கிருஷ்ணையரின் உறவினர், மாணவரும்கூட. அரியலூரில் சடகோபையங்காரிடமும், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடமும், பெரம்பலூரை ஒட்டிய செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டு வளர்ந்த உ.வே.சா., தந்தைவழி கேட்டறிந்தவற்றை ‘கனம் கிருஷ்ணையர்’ என்ற நூலாக்கி 1936-ல் வெளியிட்டார். சங்க நூல்களைச் செல்லரிக்காமல் காத்த அதே கை, ஒரு பாடகரின் வரலாற்றையும் காத்தது. ஆனால் உ.வே.சா. பிறந்தது 1855-ல், கிருஷ்ணையரின் பாட்டை அவரே நேரில் கேட்டவரல்லர். சொல்லைக் காக்க ஏடு போதும், இசையைக் காக்க அது போதாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

குருவின் வாயிலிருந்து சீடன் காதுக்கு வந்த மரபு நம்முடையது, அதற்குப் பதிவு எதற்கு என்று கேட்கலாம். அந்த வழி எவ்வளவு பெரிது என்பதை வீணை தனம்மாளின் குடும்பம் காட்டியது; தமிழ்ப் பதங்கள் இன்றும் பாடப்படுவதில் அந்தக் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அதே வழியில்தான் கன மார்க்கம் நம் கையைவிட்டுப் போனது. கற்பவர் இல்லாத இடத்தில் மரபு ஒரே தலைமுறையில் அறுந்துவிடும். பதிவு செய்தால் பாட்டு உறைந்துவிடும் என்பார் இன்னொரு சாரார். பாடகர் அரியக்குடியின் இசைத்தட்டுகள் பின்வந்தவர்களைக் கட்டிப்போடவில்லையே! முன்னே இருந்தது இன்னது என்று தெரிந்தவர்தான் அதிலிருந்து துணிந்து விலக முடியும். இன்று யார் பாடிப் பதிந்தாலும் அது கிருஷ்ணையரின் குரலாகாது என்ற மறுப்பு மட்டும் முழு உண்மை. இழந்தது இழந்ததுதான். எஞ்சியிருப்பதையும் இழக்க அது காரணமாகக் கூடாது. மெட்டு தெரிந்த பதங்கள் இன்னும் சில மூத்த பாடகர்களிடம் இருக்கின்றன. அவர்களும் என்றும் இருக்கப்போவதில்லை.

‘மில்க் அண்ட் கிஸ்ஸஸ்’ கோக்டோ ட்வின்ஸ் குழுவின் உச்சம் அல்ல, 1990-ல் வந்த ‘ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்’தான் உச்சம் என்று கருதும் ரசிகர்கள் ஏராளம். இருக்கட்டும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல அவர்களால் முடிகிறது. கிருஷ்ணையரின் இளமைக்காலப் பதத்தையும் முதுமைக்காலப் பதத்தையும் அப்படி ஒப்பிட நம்மிடம் என்ன இருக்கிறது?

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மெட்டு தெரிந்த பதங்களை முறையாகப் பாடவைத்துப் பதிய வேண்டும்; பாடாந்தரம், அதாவது பாடும் வழி, யாருடையது என்பதைக் குறித்து, எல்லோரும் கேட்கும்படி ஒரே தொகுப்பாக வெளியிட வேண்டும். மெட்டு தெரியாதவற்றை, தெரியாது என்று சொல்லியே உரையாகச் சேர்க்கலாம். சென்னையில் தமிழ் இசைச் சங்கமும் அரசின் இசைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. பெரம்பலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. இவை கைகோத்தால் நடக்கும். அந்தத் தொகுப்பு உடையார்பாளையத்திலேயே வெளியிடப்பட வேண்டும். அதில் ஒரு பதத்தையாவது அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பிள்ளைகள் கற்றுப் பாட வேண்டும்.