காவலன் சாகும் விதம்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலைக்கு நீங்கள் போயிருந்தால், கூட்டம் என்றால் என்னவென்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுவதும் தலைகள். அவ்வளவு பேரில் சிலருக்குக் காசநோய் இருக்கக்கூடும். பயந்துவிடாதீர்கள்! திறந்தவெளியில் இருமினால் எச்சில் துளிகளைக் காற்று கலைத்துவிடும். வெயிலும் கிருமியைக் கொல்லும். ஆபத்தெல்லாம், சன்னலைச் சாத்திக்கொண்டு பத்துப் பேர் படுத்து உறங்கும் அறையில்தான். கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் அங்கே மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அவற்றில் ஒன்று, ஓரிரண்டு கிருமிகளைச் சுமந்துகொண்டு, உங்கள் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விட்டதாக வைத்துக்கொள்வோம்.

அங்கே அதற்காக ஒருவன் காத்திருக்கிறான். அவன் பெயர் மாக்ரோபேஜ். தமிழில் பெருவிழுங்கி எனலாம். வெள்ளணுக் குடும்பத்தைச் சேர்ந்தவன். அந்நியப் பொருள் எதைக் கண்டாலும் வளைத்து விழுங்கிவிடுவது அவன் தொழில். இப்படி விழுங்கும் செல்களின் வேலையை முதலில் புரிந்துகொண்டவர் ருஷ்ய அறிஞர் மெச்னிகாவ். 1882ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலியின் மெஸ்ஸினா நகரில், நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற இளம் உயிரிக்குள் ஒரு ரோஜா முள்ளைச் செருகிவிட்டு, மறுநாள் காலை பார்த்தார். முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்திருந்தன! அதே ஆண்டு மார்ச் 24ஆம் நாள் பெர்லினில் ராபர்ட் காக், காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்திருந்தார். எதிரியும் காவலனும் ஒரே ஆண்டில் அடையாளம் காணப்பட்டது வேடிக்கைதான்.

பெருவிழுங்கி கிருமியை ஒரு சிறு பைக்குள் அடைக்கிறது. லைசோசோம் என்னும் இன்னொரு பை, அமிலமும் என்சைம்களும் நிரம்பியது, அதனுடன் வந்து இணைய வேண்டும். இணைந்தால் சாதாரணக் கிருமி கரைந்துபோகும். காசநோய்க் கிருமியோ மெழுகுச் சட்டை அணிந்தது. அது இந்த இணைப்பையே தடுத்துவிடுகிறது. பிறகு காவலனின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது. அவசரமே இல்லை அதற்கு. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இதற்கோ சுமார் 20 மணி நேரம் வேண்டும்.

உள்ளே எதிரி பெருகிவிட்டால் காவலன் சாக வேண்டியதுதான். ஆனால் எப்படிச் சாகிறான் என்பதில்தான் உங்கள் நுரையீரலின் கதி இருக்கிறது.

பழைய ஓட்டு வீட்டைப் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை எண்ணி இறக்குவார்கள். விட்டம், உத்தரம், நிலை, கதவு எல்லாம் தனித்தனியே அடுக்கப்படும். பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு கீறல் விழாது. அதே வீடு மழையில் ஊறி ஒரு ராத்திரி இடிந்து விழுந்தால்? ஓட்டுச் சில்லும் மண்ணும் மட்டுமா, உள்ளே ஒளிந்திருந்த பூரானும் தேளும் தெருவுக்கு வந்துவிடும்.

செல்லுக்கும் இந்த இரண்டு சாவுகளும் உண்டு. முதலாவதற்கு அபாப்டோசிஸ் என்று பெயர். 1972இல் கெர், வில்லி, கரி என்ற மூவர் வைத்த பெயர் அது. இலையுதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். செல் தன்னைத்தானே வெட்டி, சவ்வு சுற்றிய சிறு பொட்டலங்களாகிறது. கிருமியும் பொட்டலத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பக்கத்துப் பெருவிழுங்கி பொட்டலத்தோடு அதை விழுங்கி, பெரும்பாலும் செரித்துவிடும். இரண்டாவது நெக்ரோசிஸ், அதாவது நசிவு. சவ்வு கிழிந்து எல்லாம் வெளியே கொட்டும். கிருமிகள் விடுதலையாகும், அழற்சி மூளும், பாலாடைக்கட்டி போன்ற சிதைவு உண்டாகும். அது இளகி மூச்சுக்குழாய்க்குள் உடைந்தால் நுரையீரலில் பொந்து விழும். இருமலோடு கிருமி அடுத்தவரைத் தேடிப் புறப்படும். காசநோய்க் கிருமி முதல் சாவைத் தள்ளிப்போட்டு இரண்டாவதன் பக்கம் காவலனைத் தள்ளுவது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

அப்படியானால் உடல் இன்னும் கடுமையாகப் போரிட்டால் போதுமே என்று கேட்பீர்கள். விஷயம் அவ்வளவு எளிதல்ல. சிதம்பரத்தில் பிறந்த நோபல் அறிஞர் வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை லலிதா ராமகிருஷ்ணன், கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி. மீன்தொட்டிகளில் வளர்க்கும் ஜீப்ரா மீனின் குஞ்சுகளில் இதை ஆராய்ந்து வருகிறார். குஞ்சின் உடல் ஒளி ஊடுருவக் கூடியது. எனவே கிருமியும் பெருவிழுங்கியும் மல்லுக்கட்டுவதை நுண்ணோக்கியில் உயிரோடு பார்க்கலாம். டி.என்.எப். என்ற அழற்சிப் புரதம் குறைந்தால் கிருமி பெருகுகிறது. மிகுந்தாலும் பெருவிழுங்கி நசிந்து வெடிக்கிறது என்று அவர் குழு கண்டது. இன்னொரு சிக்கலும் தெரிந்தது. நோயின் தொடக்கத்தில், அமைதியாகச் செத்த செல்லை விழுங்க வரும் புதியவர்களே கிருமியைச் சுமந்து பரப்பிவிடுவதும் உண்டு! மனிதரிடமும் டி.என்.எப். இன் அருமை தெரிந்திருக்கிறது. மூட்டழற்சிக்காக அதைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது சிலருக்கு உறங்கிக்கிடந்த காசநோய் விழித்துக்கொண்டது. அதனால் அம்மருந்தைத் தொடங்குமுன் காசநோய்ச் சோதனை செய்கிறார்கள்.

கிருமி புகுந்தவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் நோய் வருகிறது. மற்றவர்களிடம் காவலர்கள் வென்றுவிடுகிறார்கள், அல்லது முற்றுகையாவது இடுகிறார்கள்.

தோற்றவர்களுக்கு மருந்து வேண்டும். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி மையம், நோயாளி சானடோரியத்தில் படுத்தாலும் வீட்டிலேயே இருந்து மருந்து தின்றாலும் குணம் ஏறக்குறைய ஒன்றே என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. கூட இருந்த வீட்டாருக்கும் நோய் கூடுதலாக வரவில்லை. அன்று ஓராண்டு மருந்து. இன்று சாதாரணக் காசநோய்க்கு 6 மாதம். திருவண்ணாமலையானாலும் வேறு ஊரானாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

இரண்டே மாதத்தில் இருமல் நின்று எடை ஏறிவிட்ட பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் செத்த காவலர்களின் இடிபாட்டுக்குள்ளும், உயிரோடிருக்கும் சில பெருவிழுங்கிகளின் உள்ளேயும் கொஞ்சம் கிருமிகள் பெருகாமல் மந்தமாகக் கிடக்கின்றன. பெருகாத கிருமியை மருந்து எளிதில் வீழ்த்துவதில்லை. மீதி நான்கு மாத மாத்திரை அவற்றுக்காகத்தான்.