பூட்டுப் படம் எதைக் காக்கும், எதைக் காக்காது?

எறையூரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் சிகிச்சைக்கு வரும் குடும்பங்களில், முதியவரின் ஆய்வக அறிக்கை, ஆதார் நகல், காப்பீட்டு அட்டை ஆகியவை பெரும்பாலும் மகன் அல்லது மகளின் கைப்பேசியில்தான் இருக்கின்றன. அவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “இணையதளத்தில் பூட்டுப் படம் தெரிகிறது. விவரங்களைக் கொடுக்கலாமா, டாக்டர்?” இதற்கு ஒரே சொல்லில் விடையளிக்க இயலாது.

இணையதள முகவரி ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்று தொடங்கினால், உங்கள் கைப்பேசிக்கும் அத்தளத்துக்கும் இடையே செல்லும் செய்தி குறியாக்கம் செய்யப்படுகிறது என்று பொருள். பேருந்து நிலைய வைஃபையில் எவரேனும் அதை இடைமறித்தாலும், பொருளற்ற எழுத்துக் குவியலே அவருக்குக் கிட்டும். நீங்கள் தொடர்பு கொண்டிருப்பது அந்தப் பெயருக்குரிய தளம்தானா என்பதை உறுதிசெய்வது பாதுகாப்புச் சான்றிதழ். தளத்தின் பெயர், காலாவதி நாள், சான்றளித்த அமைப்பின் எண்மக் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும். உலாவி இவற்றைச் சரிபார்த்து, பிழை கண்டால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் புறக்கணித்து உள்ளே செல்லாதீர்கள்.

ஆனால் சான்றிதழ் பெயருக்குத்தான் சாட்சி சொல்கிறது, நேர்மைக்கு அன்று. இன்று சான்றிதழை இலவசமாகவே பெறலாம், மோசடிக்காரரும் பெறுகிறார். பூட்டைக் கண்டதும் தளமே நம்பகமானது என்று மக்கள் கருதிவிடுவதால், 2023-இல் கூகுள் குரோம் உலாவி அப்படத்தை நீக்கி வேறு குறியை வைத்தது. ஆகவே பூட்டைப் பார்ப்பதோடு நில்லாமல், பெயரையும் படியுங்கள். ‘எச்.டி.டி.பி.எஸ்.’ என்பதற்குப் பின்வரும் பெயர் முதல் சாய்கோட்டோடு முடியும். அதன் இறுதிப் பகுதியே தளம் யாருடையது என்பதைக் காட்டும். இந்திய அரசுத் தளமாயின் அப்பெயர் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ என்று முடியும். அச்சொற்கள் பெயரின் நடுவில் மட்டும் இருந்தால் ஐயுறுங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. குறியாக்கம் வழியைக் காக்கிறது. தரவு போய்ச் சேர்ந்த இடத்தைக் காப்பது வேறு பணி. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் டெலிகிராமில் வெளியாயின. அவற்றில் மருத்துவ அறிக்கைகளும் இருந்தன. 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டன. ஐந்து சேவையகங்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவைத் தாக்கியோரே குறியாக்கம் செய்து பூட்டிவிட்டனர். மருத்துவர்கள் பல நாள்கள் தாளும் பேனாவுமாகப் பணியாற்ற நேர்ந்தது. தாக்குதலுக்கு உள்ளாகாத காப்பு நகலிலிருந்தே நோயாளர் தரவு மீட்கப்பட்டது.

வங்கி அட்டையின் கடவு எண் கசிந்தால் மாற்றிவிடலாம். ஒருவருக்கு உள்ள காசநோயோ, மனநோயோ, குழந்தையின்மைச் சிகிச்சையோ ஊரார் அறியக் கசிந்தால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. அந்த அச்சத்தால் நோயாளி எங்களிடமே உண்மையை மறைத்துவிட்டால், சிகிச்சையே தவறிப்போகும்.

எனவே குடும்பத்தினர் இவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்:

• குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்.

• ஓ.டி.பி. எண்ணை எவரிடமும் சொல்லாதீர்கள். மருத்துவமனையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சொல்லாதீர்கள்.

• கணினி மையத்தில் அறிக்கையை அச்சிட்டபின், அங்குள்ள கோப்பை அழித்து, மின்னஞ்சலிலிருந்து வெளியேறுங்கள்.

• வாட்ஸ்அப் செய்தி குறியாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. எனினும் உறவினர் குழுவில் இட்ட அறிக்கை, அக்குழுவில் உள்ள அனைவரின் கைப்பேசியிலும் தங்கிவிடும். தேவைப்படுவோருக்கு மட்டும் அனுப்புங்கள்.

• பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

தரவைப் பெறும் நிறுவனம் அதற்குத் தக்க பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்கிறது, 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே எந்த மருத்துவமனையிலும் விவரம் கேட்கப்பட்டால், “இது எதற்கு? யார் பார்ப்பார்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். எங்களிடமும் கேளுங்கள். விடையளிப்பது எங்கள் கடமை.