ரோபோ ரிசப்ஷன், பனிக்கட்டிக் கட்டில்... வில்லியனூர் - பாகூர் வீக்கெண்டில் அதைவிட என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி. பிள்ளையைப் பாட்டி வீட்டில் விட்டாயிற்று. சோபாவின் ஒரு முனையில் கணவன், இன்னொரு முனையில் மனைவி. இரண்டு பேர் கையிலும் மொபைல்.

"ஏங்க, இதப் பாருங்களேன். ரூம் முழுக்க கப்பல் மாதிரியே செஞ்சிருக்காங்க."

"நல்லாத்தான் இருக்கு. ஒரு நைட்டுக்கு எவ்வளவாம்?"

அவர் தொகையைச் சொல்கிறார். இவர் பதில் சொல்லவில்லை. இருவரும் அடுத்த போட்டோவுக்குத் தாவுகிறார்கள்.

இது கற்பனைத் தம்பதிதான். ஆனால், இந்தப் பேச்சு பல வீடுகளில் நடப்பதுதான். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். ஸ்கூல் ஃபீஸ், இ.எம்.ஐ., கேஸ் புக்கிங் தாண்டி வேறு எதையாவது பேசிக்கொண்டு எத்தனை நாளாயிற்று என்று கேட்டால், இருவருமே யோசிப்பார்கள். 'ரெண்டு நாள் எங்கேயாவது போய்ட்டு வரலாம்' என்பது அதற்கான மருந்து. அந்த 'எங்கேயாவது' இப்போது 'வித்தியாசமான ரூம் இருக்கிற இடம்' என்று மாறியிருக்கிறது.

சரி, வித்தியாசமான ரூம் என்றால் எவ்வளவு வித்தியாசம்?

குறட்டை விட்டால் எழுப்பும் ரோபோ!

ஸ்வீடனின் வடகோடியில் யுக்கஸ்யார்வி என்றொரு சின்ன ஊர். அங்கே 1989-லிருந்து ஐஸ் ஹோட்டல் நடக்கிறது. டோர்னே ஆற்றில் உறையும் பனிக்கட்டியை வெட்டியெடுத்து, சுவர், தூண், கட்டில் எல்லாவற்றையும் அதிலேயே செய்கிறார்கள். அறைக்குள் மைனஸ் 5 டிகிரி குளிர். கலைமான் தோலை விரித்து, அதன்மேல் ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்து தூங்க வேண்டும். வசந்தம் வந்ததும் அந்த அறைகள் உருகி மறுபடி ஆற்றிலேயே கலந்துவிடும். அடுத்த குளிர்காலத்தில் புதிதாகக் கட்டுவார்கள்.

ஜப்பானின் நாகசாகி மாகாணத்தில் 2015-ல் திறக்கப்பட்டது 'ஹென் நா' ஹோட்டல். ரிசப்ஷனில் டைனோசர் ரோபோ நின்றுகொண்டு வணக்கம் சொல்லும். உலகிலேயே ரோபோக்களை ஊழியர்களாக வைத்த முதல் ஹோட்டல் என்று கின்னஸிலும் இடம்பிடித்தது. ஆனால், அறைக்குள் வைத்திருந்த பொம்மை ரோபோ, விருந்தினரின் குறட்டைச் சத்தத்தைத் தன்னிடம் ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நடுராத்திரியில் அவரை எழுப்பி 'என்ன சொன்னீர்கள்?' என்கிற ரீதியில் பேச ஆரம்பித்துவிடும். வேலையைக் குறைக்க வந்தவை மனிதர்களுக்கு வேலையைக் கூட்டின. 2019 தொடக்கத்தில், அங்கிருந்த 243 ரோபோக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஓரங்கட்டிவிட்டார்கள்.

நம் நாட்டிலும் ஒரு கூத்து உண்டு. தெலங்கானாவின் சங்காரெட்டியில் 1796-ல் கட்டப்பட்ட பழைய சிறை, இப்போது மியூசியம். 2016-ல் அங்கே ஒரு திட்டம் அறிவித்தார்கள். 500 ரூபாய் கட்டினால் ஒரு நாள் முழுக்கக் கைதியாக இருக்கலாம். கதர் யூனிஃபார்ம், தட்டு, டம்ளர், ஜெயில் சாப்பாடு எல்லாம் உண்டு. குற்றம் மட்டும் செய்யத் தேவையில்லை!

இவற்றையெல்லாம் கேட்கும்போது ஒன்று புரியும். ரோபோ வேடிக்கைதான். ஆனால், அதைப் பார்த்துச் சிரித்து, போட்டோ எடுத்து, ஸ்டேட்டஸ் போட்டு முடிக்க அரை மணி நேரம் போதும். ஐஸ் ஹோட்டலில் அப்படியில்லை. குளிரில் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ராத்திரியை ஓட்டியாக வேண்டும். பத்து வருடம் கழித்தும் பேச்சில் வருவது அந்த ராத்திரிதான். கட்டிலின் வடிவத்தைவிட, அங்கே இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்தார்கள் என்பதுதான் மனதில் நிற்கிறது.

மண்ணிலிருந்து வந்த தீம்

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் நன்றாக ஓடுகிற தீம் ஹோட்டல்கள் பெரும்பாலும் பழைய வீடுகள்தான். செட்டிநாட்டின் கானாடுகாத்தானில் இருக்கும் 'விசாலம்', ஒரு தந்தை தன் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு. புதுச்சேரி நகரில் பெருமாள் கோயில் தெருவிலுள்ள 'மெசோன் பெருமாள்', திண்ணையும் முற்றமும் உள்ள பழைய தமிழ் வீடு. நகருக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள் வரும் கீழ்புத்துப்பட்டில் 'தி டியூன்' என்ற கடற்கரைக் குடியிருப்பு இருக்கிறது. இடித்த பழைய வீடுகளின் கதவு, ஜன்னல், தூண்களைச் சேகரித்துக் கட்டியது. ஒரு வீடு மாதிரி இன்னொரு வீடு இருக்காது.

இங்கெல்லாம் சுவரில் ஸ்டிக்கர் ஒட்டி தீம் செய்யவில்லை. அந்த மண்ணில் இருந்ததையே தீம் ஆக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால், ரூம் வாடகைக்குப் பெரிய தொகை ஒதுக்க முடியாத நம் சோபா தம்பதி என்ன செய்யலாம்? புதுச்சேரியில் பட்ஜெட்டுக்கு ஏற்ற சுத்தமான ஒரு ரூம். ஒரு வாடகை பைக். கடற்கரைச் சாலைக்கு முதுகைக் காட்டிவிட்டு வண்டியை மேற்கே திருப்பினால் போதும். வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன்கள் காத்திருக்கின்றன. ஊராட்சிக்கு 'கொம்யூன்' என்று பெயர் வைத்திருப்பதே பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற பழக்கம்தான்.

சனிக்கிழமை: கையில் கொஞ்சம் களிமண்

நகரிலிருந்து விழுப்புரம் சாலையில் சுமார் 10 கி.மீ. தூரத்தில் வில்லியனூர். காலையில் முதலில் திருக்காமீஸ்வரர் கோயில். வைகாசித் தேரோட்டம் இங்கே பிரபலம். பிரெஞ்சு ஆட்சியில் கவர்னரே வந்து வடம் பிடித்தார். அந்த வழக்கப்படி இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தேரை இழுத்துத் தொடங்கிவைக்கிறார். அதே ஊரில் 19-ம் நூற்றாண்டில் எழுந்த லூர்து மாதா ஆலயமும் இருக்கிறது. எதிரே உள்ள குளத்தைச் சுற்றி, எல்லா மதத்தவரும் மெழுகுவத்தியோடு நடப்பதைப் பார்க்கலாம்.

ஆனால், வில்லியனூரின் அசல் 'தீம்' மண். இங்கத்திய சுடுமண் சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இந்த ஊரின் சுடுமண் கலைஞர் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. முன்கூட்டியே பேசி அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். களிமண்ணைப் பிசைவதிலேயே கை வலிக்கும். சக்கரத்தில் வைத்தால் முதல் பானை நிச்சயம் சாயும்.

அப்போது என்ன நடக்கும்? ஆபீஸில் பத்துப் பேருக்கு வேலை சொல்லும் கணவர் திருதிருவென்று முழிப்பார். "அழுத்தாதீங்க, லேசா பிடிங்க" என்று மனைவி சொல்லிக்கொடுப்பார். அடுத்து அவருடைய பானையும் சாயும். இருவர் கையிலும் மண். மொபைலைத் தொட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே போகலாம்!

சாயங்காலத்துக்கு ஊசுடு ஏரி. புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரி இதுதான். தண்ணீர்ப் பரப்பின் ஒரு பாதி புதுச்சேரிக்கு, மறுபாதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். ஏரிக்கு வரும் பறவைகளுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை போனால் வலசைப் பறவைகளைக் கூட்டமாகப் பார்க்கலாம். பறவைகள் சரணாலயம் என்பதால் பாட்டுச் சத்தம், பிளாஸ்டிக் இரண்டையும் வண்டியிலேயே விட்டுவிட வேண்டும்.

178 பேர் ஓட்டுப்போட்ட ஊர்

ஞாயிற்றுக்கிழமை பாகூர் போகும் வழியில், வில்லியனூர் கொம்யூனுக்குள்ளேயே கீழூர் என்ற கிராமத்தில் கொஞ்சம் வண்டியை நிறுத்துங்கள். 1954 அக்டோபர் 18-ம் தேதி, பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் இங்கே கூடினார்கள். இந்தியாவோடு சேர்வதா, வேண்டாமா என்று ஓட்டெடுப்பு. 170 பேர் சேர வேண்டும் என்றார்கள். 8 பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த இரண்டே வாரத்தில், நவம்பர் 1-ம் தேதி, நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டபூர்வமான இணைப்பு முழுமையடைய 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

வருகிற வழியிலேயே இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதுச்சேரி ஒரே துண்டு நிலம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்கள் அங்கங்கே சிதறிக் கிடந்ததால், இந்தப் பக்கத்துச் சாலைகளில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வரும். டீக்கடை போர்டுகளைப் படித்து, 'இப்ப நாம எந்த ஸ்டேட்டுல இருக்கோம்?' என்று பந்தயம் கட்டிக்கொண்டே போகலாம். தோற்றவர் டீக்குக் காசு கொடுக்கட்டும்.

பாகூர்: வியூ அல்ல, விளைநிலம்

கரிக்கலாம்பாக்கம் தாண்டி பாகூர் வரும்போது இரண்டு பக்கமும் பச்சை விரியும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இந்த ஊரைச் சொல்வார்கள். இங்கே கிடைத்த செப்பேடு ஒன்று, 9-ம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்தது. பாகூரில் இயங்கிய கல்விச்சாலையை நடத்துவதற்காக மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருடங்களுக்கு முன்பே காலேஜ் இருந்த ஊர்! சோழர் காலத்து மூலநாதர் கோயிலின் கல்வெட்டுச் சுவர்களைப் பார்த்தபடி பிராகாரத்தைச் சுற்றிவர ஒரு மணி நேரமாவது வேண்டும்.

கோயிலிலிருந்து ஏரிக்கரைக்கு வாருங்கள். பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்காலுக்குப் பெயர் பங்காரு வாய்க்கால். பங்காரு என்ற பெண்தான் ஊருக்காக அதை வெட்டவைத்தார் என்பது இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. கட்டிய மாளிகைக்குப் பெயர் வைத்த அரசர்கள் உண்டு. இங்கே வாய்க்காலுக்கு ஒரு பெண்ணின் பெயர் நிற்கிறது.

இங்கே ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. விளம்பரங்களில் 'பேடி ஃபீல்டு வியூ' என்று ஒரு வார்த்தை வரும். ரூம் ஜன்னலைத் திறந்தால் பச்சை வயல் தெரிய வேண்டும் என்றால், யாரோ ஒருவர் விடிகாலையில் மடை திறந்து, நாற்று நட்டு, களை பறித்திருக்க வேண்டும். அதே வயல் மனைகளாகி, கல் நட்டு, கொடி கட்டினால் ஜன்னலும் போகும், வியூவும் போகும். அதனால், ரீல்ஸ் எடுக்க வரப்பில் ஏறும்போது பயிரை மிதிக்காமல், நிலத்துக்காரரிடம் "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஏறுவதுதான் மரியாதை. கேட்டால் பேச்சு வளரும். இப்போது வயலில் நிற்பது என்ன ரகம், தண்ணீர் எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று அரை மணி நேரம் ஓடிவிடும்.

புக் செய்யும் முன் ஒரு நிமிஷம்!

* போட்டோவில் இருக்கும் தீம் அறை ஒன்றா, எல்லா அறையுமா? 'எந்த ரூம் எங்களுக்கு?' என்று போனில் கேட்டு, அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

* தோட்ட வீடு, மண் வீடு என்றால் கொசுவலை, கரன்ட் போனால் மாற்று ஏற்பாடு, ராத்திரிச் சாப்பாடு மூன்றையும் விசாரியுங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிராமத்தில் ஹோட்டல் தேடி அலைவது சிரமம்.

* சொல்லும் வாடகை வரியோடு சேர்த்தா, இல்லையா என்று கேளுங்கள். வீக்கெண்டுக்குத் தனி ரேட் இருக்கலாம்.

* இருவருடைய அடையாள அட்டையும் ஒரிஜினலாகக் கையில் இருக்கட்டும்.

* கோயில்கள் மதியம் நடை சாத்திவிடும். காலையில் சீக்கிரம் போங்கள், அல்லது மாலையில் போங்கள்.

* ஏரிக்கரையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம்.

ஞாயிறு ராத்திரி

இரண்டு நாள் முடிந்து நம் தம்பதி வீடு திரும்புகிறார்கள். அதே சோபா. பையிலிருந்து பேப்பரில் சுற்றிய ஒன்றை மனைவி எடுக்கிறார். அகல் விளக்கு மாதிரி ஆரம்பித்து ஆஷ்ட்ரே மாதிரி முடிந்த ஒரு களிமண் உருவம். ஒரு பக்கம் கோணல். இன்னும் சுடவில்லை, காயவுமில்லை.

"இத என்னன்னு கேட்டா என்னங்க சொல்றது?"

"நீ செஞ்சதுன்னு சொல்லு."

"ஆசைதான். கோணலா இருக்கிற பக்கம் நீங்க புடிச்சது."

பிள்ளையைக் கூட்டிவரப் பாட்டி வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். இருவரும் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாகிறது. மொபைல் இரண்டும் சார்ஜரில் கிடக்கின்றன.