சம்பல்: மணலில் புதைந்த உயிர்கள்

கொள்ளையர் பயத்தால் தப்பிய நதியை இப்போது டிராக்டர்கள் சுரண்டுகின்றன.

ஜூன் மாதத் தொடக்கம். சம்பல் கரையில் மணலுக்கு அடியிலிருந்து மெல்லிய கீச்சொலி எழுகிறது. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் தரும் குரல். தாய் கரியால் முதலை கரையேறி மணலைத் தோண்டுகிறது. வெளியே வந்த குஞ்சுகள் தண்ணீரில் இறங்கியதும் தகப்பன் முதுகில் தொற்றிக்கொள்கின்றன.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என மூன்று மாநிலங்களைத் தொட்டு யமுனையில் கலக்கும் சம்பல்தான் இன்று கரியால்களின் கடைசிக் கோட்டை. உலகில் இயற்கையாக வாழும் கரியால்களில் பெரும்பகுதி இங்கேதான். 1970களின் மத்தியில் இந்தியாவில் எஞ்சியவை 200க்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டது. 1975ல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. முட்டைகளைச் சேகரித்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விட்டார்கள். 1978-79ல் மூன்று மாநிலங்களும் சம்பலைச் சரணாலயமாக அறிவித்தன.

அதற்கு முன் நதியைக் காத்தது சட்டமல்ல, அச்சம். திரௌபதியின் சாபம் பெற்ற நதி என்ற நம்பிக்கை ஒருபுறம். பள்ளத்தாக்குகளில் பதுங்கியிருந்த கொள்ளையர் மறுபுறம். 1972ல் ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் நூற்றுக்கணக்கான கொள்ளையர் சரணடைந்தனர். அச்சம் குறைந்தது. மணலுக்கு விலை ஏறியது.

மணல் கரியாலுக்கு மட்டும் தொட்டில் அல்ல. சிவப்பு மகுடம் கொண்ட அபூர்வ ஆமையும் அதில்தான் முட்டையிடுகிறது. கீழ் அலகு நீண்ட 'ஸ்கிம்மர்' பறவை ஆற்று நடுவிலுள்ள திட்டுகளில் முட்டையிடும். கோட்டா அணைக்கட்டில் தண்ணீர் கால்வாய்களுக்குத் திருப்பப்பட, கோடையில் ஆறு மெலிகிறது. திட்டு கரையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நாய்களுக்கு நடந்தே போகும் தூரம்தான். திருட்டு மணல் ஏற்றும் டிராக்டருக்கோ அடியில் புதைந்திருக்கும் முட்டைகள் கண்ணில் படுவதே இல்லை.

2007-08 குளிர்காலத்தில் இங்கே 100க்கும் மேற்பட்ட கரியால்கள் மடிந்தன. சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன. யமுனையிலிருந்து வந்த நஞ்சு மீன் வழியே பரவியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அதன்பின் சென்னை முதலைப் பண்ணையின் ஆய்வாளர்கள் முதலைகளுக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். தெரியவந்த உண்மை: கரியால் ஒரே மடுவில் கிடக்கும் பிராணி அல்ல; பருவத்துக்கேற்ப ஆற்றில் நெடுந்தூரம் பயணிக்கிறது. ஆகவே ஒரு துண்டு நதியை மட்டும் காப்பாற்றிப் பயனில்லை.

முட்டையைப் பண்ணையில் பொரிக்க வைக்கலாம். வளர்ந்த முதலை முட்டையிட மணல் வேண்டும். அதை எந்தப் பண்ணையும் தர முடியாது.